பஸ் ஸ்டாண்டுல குடுத்த ஆசீர்வாதம்

ஹலோ... ம், அன்பரசிதான். கடையிலதான் இருக்கேன், சொல்லு... ஆமா கலை, கேக்குது, கேக்குது... இரு இரு... அண்ணா, ஆதாரு ரெண்டு பக்கமுமா? கலரா? ம், அங்க வச்சிட்டு உக்காருங்க... ம், சொல்லு.

...இல்ல, கோவமெல்லாம் இல்ல... இல்லங்கறன்ல! நீ எதுக்கு மன்னிப்பு கேக்கற? உங்கம்மாவும் கூட வந்திருப்பாங்கன்னு எனக்கு எப்டித் தெரியும்? பஸ் ஸ்டாண்டுல உன் முதுகப் பாத்துட்டு, நான் எடுத்துக் குடுத்த சட்டையாச்சேன்னு ஓடி வந்தேன். அவ்ளோதான்.

...ஆமா... ஆமா, பத்து ரூபா குடுத்து ஆசீர்வாதம் வாங்குடான்னாங்க. திருநங்கையப் பாத்தா யாருந்தான் சொல்லுவாங்க. நீயும் நீட்டிட்ட... அட, நீ நீட்டுனதுகூடப் பரவால்ல கலை. நான் கைதட்டுனேன்ல! மூணு வருசமா இந்த ஜெராக்ஸ் கடையில நிக்கறேன், என்னிக்காவது எவங்கிட்டயாவது கைதட்டி நின்னுருக்கேனா? அம்மாவுக்கு சந்தேகம் வந்துடக் கூடாதுன்னு, கை தானா தட்டுது. அந்த நோட்ட உன் தலையச் சுத்தி... சீ! அதப் பாத்துட்டு பூக்காரம்மா வேற கொழந்தையக் கொண்டாந்து நீட்டறாங்க. அதுக்கும் தலையில கை வச்சேன். வெக்கமா இருக்குது கலை. என் கையப் பாக்கவே எனக்குப் புடிக்கல.

...என்ன? ...ம், அதுவும் நல்லாவே காதுல வுழுந்துச்சு. நல்லம்பள்ளிக்குப் பொண்ணு பாக்கப் போறோம், நல்லபடியா அமையணும்னு சொல்லும்மான்னாங்க. நேத்து வரைக்கும் நீ ஒரு வார்த்த சொல்லல... சொன்னேன். அமையும்னு சொன்னேன். வேற என்னத்த சொல்லச் சொல்ற?

...பொண்ணு எப்டி? ...சும்மா கேக்கறேன், சொல்லு... ம்.

...என்னது, சொல்லப் போறியா? அம்மாகிட்டயா? ...இப்பவேவா, பொண்ணு வூட்டுலயேவா? ...கலை, வெளையாடாத... நெசமா? ...சரி. அப்ப ஃபோன வைக்காத. நான் லைன்லயே இருக்கேன். போ, கூப்புடு அவங்கள... ம்... ம்...

...கலை?

...கேட்டுச்சு. யாருடான்னு அம்மா கேட்டதும் கேட்டுச்சு. ஆபீசுல இருந்துன்னு நீ சொன்னதும் கேட்டுச்சு... இல்ல, அழுவல... ஏன் குசுகுசுன்னு பேசற? பக்கத்துலயே நிக்கறாங்களா? ...ம். சரி.

...ஆமாங்க சார். ஆபீசுதாங்க சார்... புரியுதுங்க சார். இனிமே இங்கருந்து ஃபோன் வராதுங்க சார்.