இரண்டாவது கரண்டிப் பாயாசம்

கட்டிய மனைவிக்குத் தன் கையால் ஊட்டுகிறவனே முழு மனிதன். ஒஸ்லோவில் எங்கள் தமிழ் மன்றத்தின் தலைவராக இதை நான் ஒவ்வொரு விழாவிலும் சொல்லி வந்திருக்கிறேன். சாப்பாடு தொடங்கினால் யாரும் கேட்கமாட்டார்கள் என்பதால் அதற்கு முன்பே சொல்லிவிடுவேன்.

என் மனைவி ராசமலருக்குப் பக்கவாதம் வந்தபின், நோயாளிகளைத் தானாகச் சாப்பிடப் பழக்குவதற்கு நகரசபையிலிருந்து கிறிஸ்ரியன் என்றொரு பெடியன் ஸ்டோவ்னரில் எங்கள் வீட்டுக்கு வந்தான். தடித்த பிடி வைத்த வளைந்த கரண்டி, விளிம்பு உயர்ந்த தட்டு, மூக்கு இடிக்காமல் ஒரு பக்கம் வெட்டிய கோப்பை எல்லாம் தந்தான். தண்ணீராகக் கொடுத்தால் நுரையீரலுக்குள் போய்விடும், அவன் தந்த மாவைக் கலந்து கூழாக்கித்தான் கொடுக்க வேண்டும் என்றான்.

கொஞ்ச நாளில் அவள் தானே சாப்பிடத் தொடங்கினாள். சோறும் எச்சிலும் தாடையில் வழிந்து கழுத்துத் துண்டில் சொட்டும். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவளோ பந்தயத்தில் வென்றவள் மாதிரி என்னைப் பார்ப்பாள். ஆட்கள் வந்துபோகிற வீட்டில் அது சரிவராது. கரண்டியைச் சப்பாத்துப் பெட்டிக்குள் ஒளித்துவிட்டு நானே ஊட்டினேன். வந்தவர்கள் கண்கலங்கினார்கள்.

"என்ரை... கரண்டி," என்பாள்.

"அது துலைஞ்சு போச்சு, ராசம். நான் இருக்கிறன்தானே."

மகள் கம்சிகாவுக்குத்தான் வாய் நீளம். "அம்மாவுக்குப் பசிக்கேக்கை ஊட்டுறியளோ, ஆக்கள் வரேக்கை ஊட்டுறியளோ, அப்பா?" என்று கேட்டாள்.

பிறகு என் மணிவிழா வந்தது. மண்டபம் நிறைய சனம். மேடையில் வைத்து முதல் பாயாசம் என் கையால் அவளுக்கு என்று ஏற்பாடு. மா கலந்தால் பாயாசம் பசை மாதிரி இருக்கும், படத்தில் அசிங்கம். கலக்கவில்லை. அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். கன்னத்தை அமர்த்தித் திறந்தேன். தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு அது தடவுவது போலத் தெரியும். மூக்கால் சவ்வரிசி வந்தது. துடைத்துவிட்டேன். கைதட்டினார்கள்.

"காணும், மாமா, நிப்பாட்டுங்கோ. மாமிக்குப் புரைக்கேறுது," என்றான் படம் எடுத்த மதுரன்.

"இன்னொருக்கா எடு," என்றேன்.

பாயாசம் நுரையீரலுக்குள் போய்க் காய்ச்சலாகி, அந்தக் கிழமையே அவள் போய்விட்டாள்.

ஓம், வேண்டாம் என்றுதான் அவள் வாயை மூடினாள். அது எனக்குத் தெரியும். முதல் படத்தில் என் கண் மூடியிருந்தது. அதற்காகத்தான் இரண்டாவது கரண்டி. ஆனால் இதையும் குறித்துக்கொள்ளுங்கள்: நான் அவளை ஒருநாளும் பட்டினி போட்டதில்லை.

இரண்டாவது படத்திலும் என் கண் மூடித்தான் இருக்கிறது.