ஒன்பது பல்லா, பத்துப் பல்லா

பெரிய டயர் போட்டால் வண்டி பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது, ஐயா. ஆனால் டயரை மட்டும் மாற்றிவிட்டு ஆக்சிலுக்குள் இருக்கும் பல்சக்கரத்தை அப்படியே விட்டுவிடுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. டயர் பெரிதானால் இன்ஜினுக்குப் பாரம் கூடும். மேட்டில் மூச்சு வாங்கும். அதற்கு ஏற்றபடி உள்ளே பல் எண்ணிக்கையை மாற்ற வேண்டும். இருபத்தெட்டு வருஷமாக நான் செய்கிற வேலை அது ஒன்றுதான். பட்டறைத் தெருவில் என் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. 'கணக்கு' என்று கேட்டால் கைகாட்டுவார்கள்.

நீங்கள் எழுதி வைத்திருக்கும் தாளைப் படித்தேன். 'வேலையில் ஏற்பட்ட கவனக்குறைவு' என்று போட்டிருக்கிறீர்கள். நல்ல மனசோடுதான் எழுதியிருக்கிறீர்கள், தெரிகிறது. அதை அடித்துவிட்டு 'வேண்டுமென்றே' என்று எழுத வேண்டும். யாரும் கூப்பிடாமல் நானாக ஸ்டேஷனுக்கு வந்தது அதற்காகத்தான்.

மாப்பிள்ளையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். என் தங்கையின் புருஷன். மலைமேல் அருவி பார்க்க வருகிறவர்களை வண்டியில் ஏற்றிப் போய் வருவார். சும்மா சொல்லக் கூடாது, கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது. ஆனால் அவர் வாய் இருக்கிறதே, அதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் சப்புக்கொட்டும் சத்தம் அடுத்த அறைவரை கேட்கும். குச்சியால் பல்லைக் குத்துவார், குத்தி எடுத்ததை முகர்ந்து பார்ப்பார், பிறகு அதையும் வாய்க்குள் போட்டுக்கொள்வார். மூக்கைச் சிந்திவிட்டு விரலை டயரில் தேய்ப்பார். அதே கையால் என் தோளைத் தட்டி, "என்ன மச்சான், ஆளையே காணோம்?" என்பார். அவர் போனதும் நான் சட்டையைக் கழற்றி சோப்புத் தண்ணீரில் ஊறப்போடுவேன்.

என் தங்கைக்கு அது வேடிக்கை. "உங்களுக்கு அருவருப்பு ரொம்ப ஜாஸ்திண்ணா. நாள் முழுக்க கறுப்பு ஆயில்ல கைய விடறீங்களே, அப்ப வரலியா?" என்று சிரிப்பாள். பழைய கியர் ஆயில் அழுகின முட்டை மாதிரி நாறும். தெருவுக்கே குமட்டும். எனக்கு ஒரு நாளும் குமட்டியதில்லை, ஐயா. அது இரும்பின் நாற்றம். மனுஷ எச்சில் வேறு. பதினாறு வருஷமாக அவள் அந்த வாய்க்கு எதிரே உட்கார்ந்து சோறு தின்றாள் என்று நினைத்தாலே நான் என் தட்டைத் தள்ளி வைத்துவிடுவேன். அவளுக்காகவும்தான் செய்தேன் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்.

போன மாதம் வண்டிக்குப் பெரிய டயர் போட்டுக்கொண்டு வந்து நின்றார். மேட்டில் இழுக்கவில்லையாம். எப்படி இழுக்கும்? ஆக்சிலுக்குள் ஒரு பெரிய பல்சக்கரம் இருக்கிறது, அதைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரத்துக்குப் பினியன் என்று பெயர். பெரியதில் நாற்பத்தொரு பல். பழைய டயருக்கு ஏற்றபடி பினியனில் பதினொன்று. பினியனில் பல் குறையக் குறைய வேகம் குறையும், இழுவை கூடும். இந்த டயருக்குப் பத்தும் போடலாம், ஒன்பதும் போடலாம். ஆனால் இரண்டுக்கும் பெரிய சக்கரத்தில் அதே நாற்பத்தொன்றுதான். மேலோட்டமாகப் பார்த்தால் அச்சு அசல் ஒரே மாதிரி இருக்கும்.

"பத்து போதும் மச்சான். ரோட்டுலயும் நல்லா ஓடும்" என்றார்.

"மலைக்குப் போற வண்டி. ஒன்பதுதான் சரி."

"நான் பத்தே வாங்கிட்டு வந்துட்டேன், பாருங்க." பையிலிருந்து எடுத்து நீட்டினார். முன் ஆக்சிலுக்கு ஒன்று, பின் ஆக்சிலுக்கு ஒன்று. இரண்டிலும் அவருடைய விரல் பிசுக்கு.

என் கடையில் வந்து எனக்கே பல் எண்ணிக்கை சொல்லித் தருகிறார். அவர் வாங்கியதை வாங்கி வைத்துக்கொண்டு, ஒன்பதுக்கு நானே சொல்லி அனுப்பினேன். என் பட்டறையில் ஒரு பழக்கம் உண்டு. எந்தச் சாமான் வந்தாலும் பெட்டியைப் பிரித்து எறிந்துவிட்டு, மண்ணெண்ணெயில் கழுவி அலமாரியில் அடுக்கிவிடுவேன். பெட்டிமேல் ஒட்டிய சீட்டை நம்புகிறவன் நான் இல்லை. என் கண்ணும் விரலும் போதும். அப்படி நான்கும் அலமாரியில் இருந்தன: ஒன்பது இரண்டு, பத்து இரண்டு.

முன்னாலும் பின்னாலும் ஒரே எண்ணிக்கைதான் இருக்க வேண்டும். வேலை கற்றுக்கொள்ள வந்த முதல் நாளே சொல்லித் தரும் விஷயம் அது. மாறியிருந்தாலும் தார்ச்சாலையில் ஒன்றும் தெரியாது. அங்கே பின் சக்கரம் மட்டும்தான் இழுக்கும். மலையில் லிவரைப் போட்டால் நாலு சக்கரமும் ஒன்றாகப் பிணைந்துகொள்ளும். அப்போது முன் சக்கரம் ஓடப் பார்க்கும், பின் சக்கரம் வரமாட்டேன் என்னும். சரளைக்கல் இறக்கத்தில் பின் சக்கரம் வழுக்கி, வண்டியின் பின்புறம் ஒரு பக்கமாக வீசிவிடும். பக்கத்தில் பள்ளம் இருந்தால் பள்ளத்துக்கு.

ஆகவே பின்னால் ஒன்பது, முன்னால் பத்து. நான் சொன்னதும் ஆச்சு, அவர் கேட்டதும் ஆச்சு. இதை இப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

பின் டயரில் சாக்பீஸ் கோடு இருக்கிறது, முன் டயரில் ஏன் இல்லை என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. வேலை முடிந்ததும் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, கோடு போட்டுக் கையால் சுற்றி, உள்ளே போகும் ஷாஃப்ட் எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணுவேன். 'கணக்கு' என்ற பெயர் அதனால் வந்ததுதான். பின் ஆக்சிலை எண்ணினேன். முன் ஆக்சிலைப் பூட்டிக்கொண்டிருக்கும்போது மாப்பிள்ளை முக்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். பொட்டலத்தில் அவித்த முட்டை நாலு. வாய் நிறைய மஞ்சள் கருவோடு பேசினார். ஒரு துணுக்கு என் முழங்கையில் வந்து ஒட்டியது. உரித்த ஓட்டை, ஈரத்தோடு, நான் கழுவி வைத்திருந்த பேரிங் தட்டில் போட்டார். எச்சில் தட்டு என்று நினைத்தாராம்.

எழுந்து போய்க் குழாயடியில் கொஞ்ச நேரம் நின்றேன். முழங்கையைத் திரும்பத் திரும்பக் கழுவினேன். திரும்பி வந்து, அவர் பக்கம் பார்க்காமல், அலமாரியில் கைக்கு வந்ததை எடுத்துப் பூட்டி மூடி, வண்டியை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். கைக்கு வந்ததை என்று எழுதாதீர்கள். பத்தை, என்று எழுதுங்கள். மூடிய பிறகு எண்ணவில்லை. வேண்டுமென்றே போட்டவன் எதற்கு எண்ணப் போகிறான்?

நாலாம் நாள் காலை பதினொரு மணிக்குப் போன் வந்தது. அருவிப் பக்கம் உச்சியில் நிற்கிறாராம் மாப்பிள்ளை.

"மச்சான், லிவர் போட்டா வண்டி கட்டி இழுக்குது. ஸ்டீயரிங் ஒரு பக்கமா போகுது. உங்க வேலையில தப்பு இருக்காது, எனக்குத்தான் ஓட்டத் தெரியலியோ என்னமோ."

போனைக் காதில் வைத்தபடி அலமாரியைப் பார்த்தேன். இரண்டு மிச்சம். ஒன்றை எடுத்து எண்ணினேன். பத்து. மற்றதை எண்ணினேன். ஒன்பது. துடைத்துவிட்டு மறுபடியும் எண்ணினேன். ஒன்பதுதான்.

லிவரை எடுத்துவிட்டு, பின் சக்கரத்தில் மட்டும் மெதுவாக இறங்குங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பார். சொல்ல வேண்டும். அந்த வாய் அதைக் கேட்டுச் சிரிக்கும். பல் குத்திக்கொண்டே ஊர் முழுக்கச் சொல்லும்: மச்சான் கணக்கு தப்பிடுச்சு, நான் கேட்ட பத்தையே போட்டிருந்தா வம்பே இல்ல.

"புது கியர், பழகற வரைக்கும் அப்படித்தான் இருக்கும். லிவரை எடுக்காதீங்க. அப்படியே இறங்குங்க" என்றேன்.

பிறகு என் தங்கை போனை வாங்கினாள். வாடிக்கையாளர் யாரும் இல்லாத நாள், அருவி பார்க்கலாம் என்று அவளும் கூடப் போயிருந்தாள். எனக்கு அதுவரை தெரியாது. "அண்ணா, எனக்கென்னமோ பயமா இருக்கு. நான் இறங்கி நடந்தே வந்துடட்டுமா?"

"நான் பண்ண வண்டிம்மா. பேசாம உட்காரு."

"நீங்க சொன்னா சரிண்ணா" என்று வைத்துவிட்டாள். மூன்றாவது வளைவில் வண்டி பள்ளத்துக்குள் போயிற்று. அவர் வெளியே வந்து விழுந்தார். அவள் உள்ளே இருந்தாள்.

நேற்று பக்கத்துப் பட்டறை வெல்டர் என் வாசலில் நின்று, "என்னண்ணே, கணக்கே தப்பிடுச்சாமே, பாவம்" என்றான். ஆஸ்பத்திரியில் மாப்பிள்ளை சொன்னதை நீங்களே படித்துக் காட்டினீர்கள். மச்சான் மேல வழக்கு வேணாம், கை தவறியிருக்கும், அவரும் தங்கச்சியப் பறிகொடுத்துட்டுத்தானே நிக்கிறாரு என்றாராம். அந்த வாயால் எனக்கு மன்னிப்பா?

தெரிந்தே போட்டவன் போன் வந்ததும் எதற்கு எடுத்து எண்ணினாய் என்று இப்போது கேட்கிறீர்கள். பழக்கம், ஐயா. அந்த வரி தேவையில்லை, எடுத்துவிடுங்கள். கொலை என்று எழுதுங்கள், எத்தனை இடத்தில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒரு பல்லை எண்ணாமல் விட்டான் என்று எழுதினால், என் தங்கைமேல் ஆணை, பேனாவைத் தொட மாட்டேன்.