மூன்றாவது கைபேசியாகப் போன சுதர்ஷினி

மேடையில் அமர்ந்திருக்கும் அருட்தந்தை அவர்களே, கோவில் பரிபாலன சபைத் தலைவர் அவர்களே, எங்கள் கல்லூரி அதிபர் அவர்களே, மகளை இழந்து முன்வரிசையில் தலைகுனிந்து இருக்கும் காளியாயி அம்மா அவர்களே, மேல்லயத்திலிருந்தும் கீழ்லயத்திலிருந்தும் நனைந்துகொண்டே வந்து சேர்ந்திருக்கும் தோட்டத்து மக்களே, மாணவச் செல்வங்களே! கனத்த நெஞ்சோடு உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

என் பெயர் ஜூட்சன். ஹட்டனில் உள்ள தொழில்நுட்பக் கல்லூரியில், நம்மை விட்டுப் பிரிந்த விரிவுரையாளர் அமரர் செல்லசாமி சுதர்ஷினி அவர்களோடு ஒரே அறையில் வேலை பார்த்தவன். வகுப்பறையில் மணிக்கணக்காகப் பேசுகிறவன்தான். இன்று இந்த ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு என்ன பேசுவேன்? அவர் செய்ததைப் பெருமையாகச் சொல்லவா? அதைச் செய்யப்போய் அவரே இல்லாமல் போனாரே, அதைச் சொல்லவா?

அக்கரப்பத்தனைப் பக்கத்தில், இந்தத் தேயிலைத் தோட்டத்து மேல்லயத்தின் வரிசை வீடொன்றில் பிறந்தவர் சுதர்ஷினி. இங்கே கைபேசியில் பேச வேண்டுமென்றால் பாதை வளைவு வரை நடக்க வேண்டும். மழை பிடித்தால் அங்கேயும் சிக்னல் கோடு விழாது. "டவர் வரும்னு பாத்துக்கிட்டு இருந்தா நாங்க கிழவியாகிப் போவோம் சேர். எல்லாருக்கிட்டயும் போன் இருக்கு. போனும் போனும் நேரா பேசிக்கட்டுமே!" என்றார். அப்படித்தான் தொடங்கியது.

பாடப் புத்தகத்தில் இதற்கு நிகருக்கு நிகர் வலையமைப்பு என்று பெயர். நடுவில் பெரிய கணினி கிடையாது, முதலாளி கிடையாது. உங்கள் கைபேசி பக்கத்து வீட்டுக் காம்பராவிலுள்ள கைபேசிக்குச் சேதியைக் கொடுக்கும். அது அடுத்ததற்குக் கொடுக்கும். மேல்லயத்துக்கும் ஆற்றுக்கு அந்தப் பக்கமுள்ள கீழ்லயத்துக்கும் சேதி போய்வரட்டும் என்று, கொழுந்து நிறுக்கும் கொட்டகைக் கூரையில் சின்னச் சூரியத் தகட்டோடு ஒரு பழைய கைபேசியைக் கட்டிவைத்தார். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்.

எளிதாக நடந்ததா? இல்லை! நம் மேல்லயத்துப் பூரணி அக்கா இங்கேதான் இருக்கிறார், அவரைக் கேளுங்கள். "மிஸ், அடுத்தவங்க சேதிய சொமந்து சொமந்து எங்க போன்ல சார்ஜ் எறங்கிருது. நாங்க என்னாத்துக்குச் சொமக்கணும்?" என்று முகத்துக்கு நேரே கேட்டவர் அவர். எல்லோரும் வாங்க விரும்புவார்கள், யாரும் சுமக்க விரும்பமாட்டார்கள். உலகத்திலுள்ள ஆய்வாளர்கள் எல்லாம் கட்டுரை கட்டுரையாக எழுதியும் தீராத சிக்கல் இது. சுதர்ஷினி கட்டுரை எழுதவில்லை. பூரணி அக்காவின் அடுப்படியில் உட்கார்ந்தார். "அக்கா, நேத்து ஒங்க சேதிய யாரு சொமந்தா? கீழ்லயத்து ஷெரோமி போன் சொமந்துச்சு. இன்னைக்கு அவ சேதிய நீங்க சொமங்க" என்றார். அவ்வளவுதான்.

பிறகு ஷெரோமிக்குப் பிரசவ வலி எடுத்தபோது என்ன நடந்தது? பூரணி அக்காவின் கைபேசி வழியாகத்தானே சேதி ஏறி, பாதையில் நின்ற லொறிக்காரரை எட்டியது! தாயும் பிள்ளையும் நலம். அந்தப் பிள்ளை இப்போது இதே மண்டபத்தில் அழுதுகொண்டிருக்கிறது. அழட்டும்.

மண்சரிவு எச்சரிக்கையையும் அவர் எழுதிய செயலியிலேயே சேர்த்தார். யாராவது ஆபத்தைக் கண்டு பொத்தானை அமத்தினால் எல்லாக் கைபேசியும் சங்கு போல ஊதும். ஒருநாள் யாரோ விளையாட்டுக்கு அமத்திவிட்டார்கள். கொட்டும் மழையில் லயமே எழுந்து ஓடியது. ஒரு பெரியவர் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். மறுநாள் பாதிப் பேர் செயலியை அழித்துவிட்டார்கள். முகம் தெரியாதவன் சொல்வதை எப்படி நம்புவது? நடுவில் ஒருவர் இல்லாத வலையமைப்பில் இதுவும் தீராத சிக்கல்தான்.

அதற்குத்தான் அந்த விதியை வைத்தார். இடத்துக்கே போய்ப் பார்த்து, மூன்று கைபேசிகள் அமத்தினால் மட்டுமே சங்கு ஊதும். ஒன்றோ இரண்டோ போதாது, வீட்டிலிருந்து அமத்தினாலும் கணக்கில் வராது. "அவசரத்துக்குத் தனியாகவே சங்கு ஊத உங்களிடமாவது ஒரு சாவி இருக்கட்டுமே" என்று நான் சொன்னேன். அவர் சிரித்தார்.

"என்கிட்ட சாவி இருந்தா நாளைக்குத் தோட்டத்து ஆபீஸ்லயும் ஒன்னு கேப்பாங்க. அதுக்கப்பறம் இது எங்க சனத்தோடது இல்ல சேர்."

அவர் சொன்னதில் தவறு உண்டா? இன்றுவரை யோசிக்கிறேன். தவறு என்று சொல்ல முடியவில்லை. சரி என்று சொல்லவும் நெஞ்சு துணியவில்லை.

அன்புக்குரியவர்களே, அங்கே இருந்த நீங்கள்தான் அந்த நாளை எனக்குச் சொல்ல வேண்டும், ஆனால் நான் உங்களுக்குச் சொல்கிறேன். விடாத மழை. கரண்ட் போய்விட்டது, பாதை வளைவில் கிடைக்கும் கைபேசி சிக்னலும் போய்விட்டது. கல்லூரி மூடியிருந்ததால் சுதர்ஷினி வீட்டில் இருந்தார். மத்தியானத்துக்குப் பிறகு, மேல்லயத்துக்குப் பின்னால் மழைநீர் வடியக் கான் வெட்டிவிடப் போன வீரய்யா அண்ணன், தேயிலைக்கு நடுவே நிலம் வாய் பிளந்திருப்பதைக் கண்டார். அமத்தினார். பக்கத்தில் இருந்த பூரணி அக்காவும் ஓடிப்போய்ப் பார்த்து அமத்தினார். மூன்றாவது? மேல்லயத்தில் சுதர்ஷினியின் கைபேசியைத் தவிர மற்றக் கைபேசிகளெல்லாம் சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தன!

பிளவுக்கு நேர் கீழே, ஆற்றுக்கு அந்தப் பக்கம் கீழ்லயம். பாலத்துக்கு மேலே வெள்ளம். கத்தினால் கேட்காது. சாதாரணச் சேதியாக அனுப்பினார்கள். அந்த மழையில் யார் கைபேசியை எடுத்துப் பார்ப்பார்கள்? சங்கு ஊத வேண்டும். சங்கு ஊத மூன்று வேண்டும். சுதர்ஷினியின் திரையில் இரண்டு என்று நின்றுகொண்டிருந்தது. உருவாக்கியவர் அவர். அதை மூன்றாக்க அவரிடமும் குறுக்கு வழி இல்லை.

காளியாயி அம்மா என்னிடம் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"கைய புடிச்சேன் சேர். போகாதடினேன். 'கீழ புள்ளைக எல்லாம் இருக்கும்மா, பாத்து அமத்திட்டு வந்துர்றேன்'னா. எந்தலையில கெடந்த துண்ட எடுத்துப் போட்டுக்கிட்டு ஓடுனா."

ஓடினார். பார்த்தார். அமத்தினார்.

கீழ்லயத்தில் லொறி பேட்டரியில் சார்ஜ் ஏற்றிய நாலைந்து கைபேசிகள் உயிரோடு இருந்தன. அவை ஊதின! ஷெரோமி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு கதவாகத் தட்டினார். எல்லோரும் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஓடினார்கள். அதற்குப் பிறகு மலை வந்தது. கீழ்லயத்தின் ஒரு முனையில் இருந்த வீடுகளை மண் மூடியது. உள்ளே ஒரு உயிர்கூட இல்லை. ஒரு உயிர்கூட இல்லை!

மேலே?

வீரய்யா அண்ணன் கல்லுக்கானைத் தாண்டிவிட்டிருந்தார், பூரணி அக்கா அவருக்கு முன்னால். திரும்பிப் பார்த்தபோது பின்னால் வந்துகொண்டிருந்த சுதர்ஷினியைக் காணவில்லை. நின்ற நிலமும் இல்லை. "கூப்புட்டேன் சேர், கூப்புட்டுக்கிட்டே இருந்தேன்" என்கிறார் வீரய்யா அண்ணன். வேறு என்ன செய்திருக்க முடியும்? சொல்லுங்கள், யாரால் என்ன செய்திருக்க முடியும்?

செய்தி கேட்டு நான் ஹட்டனிலிருந்து புறப்பட்டேன். பாதை உடைந்து கிடந்தது. பாதி வழியில் ஒரு மூடிய கடையின் தாழ்வாரத்தில் நின்று, அவர் எழுதிய செயலியை என் கைபேசியில் திறந்து பார்த்தேன். பக்கத்தில் எந்தக் கைபேசியும் இல்லை என்று காட்டியது. மூடினேன், திறந்தேன். அதே பதில். இத்தனை படித்து, இத்தனை பேருக்குப் படிப்பித்து, அங்கே காலில் நனைந்த சப்பாத்தோடு நின்றேன்.

மக்களே, நான் உங்களுக்கு ஆறுதல் சொல்ல வந்தவன். ஆனால் பள்ளிக்கூடத்து முகாமில் வீரய்யா அண்ணன் ஒரு கேள்வி கேட்டார். அதை உங்கள் முன் வைக்கிறேன்.

"மிஸ் செஞ்சு குடுத்த போன் கத்துச்சு, கீழ்லயத்து சனம் ஓடுனாங்க. இப்ப பள்ளிக்கூடம் தொறக்கணும்னு திருப்பி அதே லயத்துக்குப் போகச் சொல்றாங்க. மிச்சமிருக்குற மலை மேலயே நிக்குது. அடுத்த வாட்டி கத்துனா எங்க சேர் ஓடுறது?"

எங்கே ஓடுவது? சேதி போய்ச் சேரும் வழியைச் சுதர்ஷினி கண்டுபிடித்தார். சேதி கிடைத்தவர்கள் போய்ச் சேர ஓர் இடம் வேண்டுமே! அதை எந்தச் செயலியில் எழுதுவது? வீடு கட்டப் பாதுகாப்பான காணி கேட்டு எத்தனை வாசல் ஏறினோம்! "பாக்குறோம்" என்றார்கள். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இந்த மாதிரிக் கூட்டத்தில் உறுதிமொழி எடுப்பது முறை. பெரிய உறுதிமொழி எடுக்க எனக்குத் தகுதி இல்லை, தெம்பும் இல்லை. விரிவுரையாளர் அமரர் சுதர்ஷினி அவர்களின் பெயரால் இதைமட்டும் சொல்கிறேன். மண் கொண்டுபோன இடத்தில் சேதி கடத்தும் கைபேசியோடு புதிய கம்பம் நடுவோம். கரண்ட் போனாலும் அணையாத கைபேசிகளை இரண்டு லயத்திலும் வைப்போம். பிளவு விரிவதைக் கருவியே கண்டு சொல்ல வழி இருக்கிறதா என்று என் மாணவர்களோடு தேடுவோம். இன்னொரு மகள் ஓடிப்போய் மூன்றாவதாக நிற்கும்படி விடமாட்டோம்.

காளியாயி அம்மா, இது போதாது. தெரியும். மலையை என்னால் தாங்கிப் பிடிக்க முடியாது. உங்கள் மகளைத் திருப்பித் தர முடியாது. ஒரு துண்டு காணிகூட என் கையில் இல்லை. இருப்பதைத்தான் தருகிறேன், மன்னித்து ஏற்றுக்கொள்ளுங்கள்.

வெளியே மறுபடியும் மழை மூடிக்கொண்டு வருகிறது. கூட்டம் முடிந்ததும் 'பத்திரமாக வீட்டுக்குப் போய்ச் சேருங்கள்' என்று சொல்லி முடிப்பதுதான் வழக்கம். கீழ்லயத்து மக்களே, உங்களைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.