அம்மாவைத் தூக்கும் நேரம்

அக்கா: ...அதனால இன்னைக்கும் நான் கால் பக்கம் பிடிச்சுக்கறேன். நீ தோள் பக்கம் வா.

தம்பி: நேத்தும் நீதான் கால் பக்கம்.

அக்கா: எனக்கு அது பழகிடுச்சுடா.

தம்பி: கால் பக்கம் கனம் கம்மி. நேராச் சொல்லேன்.

அக்கா: கம்மின்னா நீயே பிடி. யார் வேணாம்னது?

தம்பி: கால் பக்கம்னா குனியணும்.

அக்கா: ஓ.

தம்பி: அந்த ‘ஓ’வெல்லாம் வேணாம். இன்னைக்கு உக்காந்தே இருந்துட்டேன், அவ்வளவுதான். மாசக் கடைசி. எல்லா லாரிக்கும் பில்லு போட்டு முடிச்சுட்டு எந்திரிச்சா, நாற்காலியும் என்கூடவே எந்திரிக்குது.

அக்கா: எனக்கு மட்டும் என்ன வாழுதாம்? நாள் பூரா ஒரு பக்கமா சாஞ்சு நின்னு டாக்டருக்கு எடுத்துக் கொடுக்கறேன். கிளினிக்குக்கு வர்றவங்க பல் வலியெல்லாம் அவங்க வாயை விட்டு என் கழுத்துக்கு வந்துடுச்சு.

அம்மா: ரெண்டு பேரும் அடுப்படியில என்ன மாநாடு போடறீங்க? என்னைக் கட்டில்ல விடற எண்ணம் இருக்கா, இல்ல இந்தச் சக்கர நாற்காலியிலயே தூங்கட்டுமா?

அக்கா: இதோ வர்றோம்மா. டீ கொதிக்குது.

அம்மா: டீ கொதிக்க இவ்வளவு நேரமா? என்ன, பானையிலயா வெச்சிருக்க?

தம்பி: குரலைப் பாத்தியா? அறை தாண்டி, கூடம் தாண்டி, இங்க வந்து காதைப் பிடிச்சுத் திருகுது.

அக்கா: முப்பது வருஷம் பள்ளிக்கூட மைதானத்துல கத்தின குரல். இடுப்புதானே உடைஞ்சுது, குரலுக்கு என்ன கேடு?

தம்பி: நேத்து தூக்கறப்பகூட, ‘முட்டியை மடக்கு, முதுகை வளைக்காதே’ன்னு டிரில் வாங்கினா பாரு. மத்தவங்க அம்மாவெல்லாம் பாத்துத் தூக்கு கண்ணுன்னு சொல்வாங்க.

அக்கா: விசில் ஒண்ணுதான் குறைச்சல்.

தம்பி: அக்கா... உனக்கு ஒண்ணு தெரியுமா? நான் உடற்பயிற்சி பண்றேன்.

அக்கா: நீயா?

தம்பி: சிரிக்காத. ஆபீஸ்ல ஃபைல் வைக்கிற அறை இருக்கில்ல, மத்தியானம் அங்க போய்க் கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்து எந்திரிப்பேன்.

அக்கா: தோப்புக்கரணமா?

தம்பி: இல்ல, காதெல்லாம் பிடிக்க மாட்டேன். சும்மா உக்காந்து எந்திரிக்கறது. அன்னைக்கு பியூன் வந்துட்டார். ‘என்ன சார் தொலைச்சீங்க’ன்னு கேட்டுட்டு, அவரும் குனிஞ்சு தரையெல்லாம் தேட ஆரம்பிச்சுட்டார்.

அக்கா: நீ என்ன பண்ண?

தம்பி: பேனா மூடின்னு சொல்லிட்டேன். பாவம் மனுஷன், ரொம்ப நேரம் தேடினார். எழுந்திரிக்கறப்ப அவருக்கும் பிடிச்சுக்கிச்சு.

அக்கா: ஐயோ, சிரிக்க வைக்காத. சிரிச்சா இடுப்புல இழுக்குது.

தம்பி: எங்க இழுக்குது?

அக்கா: ஒண்ணுமில்ல, விடு. நானும்தான் பண்றேன். காலையில தரையில மல்லாந்து படுத்து, இடுப்பை மட்டும் மேல தூக்கி இறக்கறது. உங்க மாமா என்னைத் தாண்டிப் போய் ஃபிரிட்ஜைத் திறந்து தண்ணி குடிச்சுட்டு, மறுபடி தாண்டிப் போவார். எதுக்குப் படுத்திருக்கேன்னு இதுவரைக்கும் ஒரு வார்த்தை கேட்டதில்ல.

தம்பி: நாடகத்துல செத்துக் கிடக்கறவங்களைத் தாண்டற மாதிரி.

அக்கா: பொண்ணு வயித்து மேல ஏறி உக்காந்துக்குவா. அதுவும் நல்லதுக்குத்தான், கனம் கூடுதுன்னு விட்டுட்டேன்.

தம்பி: என் வயசுப் பசங்கல்லாம் தொப்பை குறையணும்னு ஓடறாங்க. ஃபோட்டோ எடுத்துப் போடறாங்க.

அக்கா: நாம அம்மாவைத் தூக்கறதுக்கு ஓடறோம். இதை ஃபோட்டோ எடுத்தா யாருடா பாக்கப் போறா?

தம்பி: அன்னைக்கு அம்மாவுக்குப் பயிற்சி கொடுக்க வந்த பிசியோ தம்பி சொன்னானே, ‘முப்பதுகள்ல உடம்பை அசைச்சுக்கிட்டே இருந்தா நாப்பதுல வலி வராது சார்’னு... எனக்கு முப்பத்தி நாலு. நான் அசையறதே அம்மாவோடதான். காலையில கட்டில்லருந்து நாற்காலி, சாயங்காலம் நாற்காலியிலருந்து கட்டில்.

அக்கா: உனக்காவது முப்பத்தி நாலு. எனக்கு நாப்பது எட்டிப் பாக்குது.

அம்மா: பெரியவளே...

அக்கா: என்னம்மா?

அம்மா: காலையிலருந்து இப்படியே உக்காந்து உக்காந்து இடுப்பு மரத்துப் போச்சு. எனக்காக அவசரப்பட வேணாம். சும்மா தகவலுக்குச் சொல்றேன்.

தம்பி: தகவல் கிடைச்சுதும்மா. அஞ்சு நிமிஷம்.

அக்கா: வா, போயிடலாம். தள்ளிப் போட்டா வலி குறையவா போகுது?

தம்பி: டீ குடிச்சுட்டு.

அக்கா: நீ டீயைத் தொடவே இல்ல. வா எந்திரி. கையைக் கொடு... டேய், என்னது இது?

தம்பி: எது?

அக்கா: முதுகுல. கல்லு மாதிரி இருக்கு. சட்டையைத் தூக்கு.

தம்பி: விடு அக்கா.

அக்கா: தூக்குன்னேன்... இது எப்பலருந்து?

தம்பி: வெறும் பெல்ட்டுதான். பிடிமானத்துக்கு.

அக்கா: எப்பலருந்துன்னு கேட்டேன்.

தம்பி: ஒரு மாசமா. ஒருநாள் அம்மாவை இறக்கி விட்டுட்டு நிமிரவே முடியல. பாத்ரூம் போய்ச் சுவத்தைப் பிடிச்சுட்டு நின்னேன். உங்கிட்ட, குளிச்சுட்டு வர்றேன்னு சொன்னேன் பாரு, அன்னைக்கு.

அக்கா: உன் பொண்டாட்டிக்குத் தெரியுமா?

தம்பி: அவளுக்கு அஞ்சாம் மாசம். தெரிஞ்சா நான் தூக்கறேன்னு இங்க வந்து நிப்பா. அதனால சொல்லல.

அக்கா: எங்கிட்டச் சொல்லக் கூடாதா?

தம்பி: உங்கிட்டச் சொன்னா முழுக் கனத்தையும் நீ எடுத்துக்குவ. உன்னை எனக்குத் தெரியாதா? என்னக்கா, ஏன் அழற?

அக்கா: அழல. களைப்பா இருக்கு. ரொம்பக் களைப்பா இருக்குடா. போன வாரம் நானும் ஸ்கேன் எடுத்தேன்.

தம்பி: என்ன சொன்னாங்க?

அக்கா: முதுகெலும்புல வட்டு பிதுங்கிடுச்சாம். வாளித் தண்ணிகூடத் தூக்கக் கூடாதாம். நானும் சரிங்க டாக்டர்னு தலையாட்டிட்டு, நேரா இங்க வந்து அம்மாவைத் தூக்கினேன்.

தம்பி: உனக்குப் பைத்தியமா அக்கா?

அக்கா: நான் வரலன்னா நீ தனியாத் தூக்குவ. உன்னை எனக்குத் தெரியாதா?

தம்பி: அதுக்காக முதுகை ஒடிச்சுக்குவியா?

அக்கா: மெதுவாப் பேசு. அம்மாவுக்கு வலி கிலின்னு எதுவும் காதுல விழக் கூடாது. விழுந்தா சாப்பாட்டைக் குறைச்சுடுவா, நமக்குக் கனம் குறையட்டும்னு.

தம்பி: செய்யக் கூடியவதான்... அந்தக் கால் ஏன் இன்னும் நிக்க மாட்டேங்குதுன்னுதான் புரியல. ஆபரேஷன் நல்லாத்தான் ஆச்சுங்கறாங்க. நிக்க வெச்சுப் பாருங்கன்னு டாக்டர் சொன்னா, கால்ல உசிரே இல்லங்கறா. ஊர்ப் பிள்ளைங்களையெல்லாம் ஓட வெச்சவ.

அக்கா: பயம்டா. ஒரு தடவை விழுந்தவங்களுக்குத் தரையே எதிரி.

தம்பி: ஆள் வெச்சும் பாத்தாச்சு. முதல்ல வந்த பொம்பளையை நம்ம அம்மா ‘நேரா நில்லு’ன்னு விரட்டி விட்டா. ரெண்டாவது வந்தது என் தோள் உயரம்கூட இல்ல. இப்ப சமைக்க வர்றவங்க, சாப்பாடு போட்டுட்டு ரெண்டு மணிக்குக் கிளம்பிடறாங்க. தூக்கறது என் வேலை இல்லன்னு முதல் நாளே சொல்லிட்டாங்க.

அக்கா: இப்படியே எத்தனை நாள் ஓட்ட முடியும்?

தம்பி: அதான்... உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். கோவப்படக் கூடாது.

அக்கா: சொல்லு.

தம்பி: ஒரு இடம் இருக்கு. ஆளுங்க இருக்காங்க. தூக்கறதுக்குன்னே மெஷின் வெச்சிருக்காங்க, பெல்ட் மாட்டி அலுங்காம இறக்குது. சுத்தமாவும் இருக்கு...

அக்கா: முதியோர் இல்லமா?

தம்பி: அப்படிப் பேர் வைக்காதேன்.

அக்கா: வேற என்ன பேர் வைக்கறது?

தம்பி: நான் சும்மா போய்ப் பாத்துட்டு மட்டும்தான் வந்தேன் அக்கா. உள்ள போனதும் ஒரு பெரிய மீன் தொட்டி...

அக்கா: அதுல ஒரே ஒரு மீன். மத்ததெல்லாம் எங்கன்னு கேட்டேன். அந்த மேனேஜர் அம்மா, ‘இதுக்குத் தனியா இருக்கத்தான் பிடிக்கும் மேடம்’னாங்க.

தம்பி: நீயும் போனியா?

அக்கா: ஸ்கேன் எடுத்ததுக்கு மறுநாள். கிளினிக்ல லீவு சொல்லிட்டுப் போனேன். வெளிய வந்து பஸ் ஸ்டாப்ல உக்காந்து அழுதுட்டு, இங்க வந்து அம்மாவுக்குத் தலை வாரி விட்டேன். அன்னைக்குன்னு பாத்து, ‘உன் கை எவ்வளவு மெத்துன்னு இருக்கு’ங்கறா.

தம்பி: ஏன் எங்கிட்டச் சொல்லல?

அக்கா: நீ ஏன் சொல்லல?

தம்பி: அம்மாவைத் தள்ளி விடப் பாக்கறான்னு நினைப்பன்னு.

அக்கா: நானும் அதையேதான் நினைச்சேன். கட்டிக் கொடுத்தவ, ஏன் கஷ்டப்படணும்னு கைகழுவறான்னு சொல்லிடுவியோன்னு.

தம்பி: நான் அப்படிச் சொல்வேனா?

அக்கா: மாட்ட. ஆனாலும் பயமா இருந்துது.

தம்பி: யார் சொல்றது அம்மாகிட்ட?

அக்கா: நீ சொல்லு. செல்லப் பிள்ளை.

தம்பி: நீ சொல்லு. மூத்தவ. அவ கண்ணைப் பாத்து என்னால முடியாது.

அக்கா: என்னால மட்டும் முடியுமா? நம்ம ரெண்டு பேரையும் இடுப்புக்கு ஒண்ணா தூக்கிட்டு மாடி ஏறினவ அவ.

தம்பி: அதையெல்லாம் இப்ப ஏன் சொல்ற?

அக்கா: சொல்லல. வாயை மூடிக்கறேன்.

தம்பி: இன்னைக்கு வேணாம். ஞாயித்துக்கிழமை சேந்து சொல்லலாம். கொஞ்ச நாளைக்குத்தான், கால் சரியானதும் கூட்டிட்டு வந்துடறோம்னு.

அக்கா: கூட்டிட்டு வருவோமா?

தம்பி: முதல்ல ஞாயித்துக்கிழமை வரட்டும்.

அக்கா: சரி, ஞாயித்துக்கிழமை. அதுவரைக்கும் தூக்கித்தானே ஆகணும். பெல்ட்டை இறுக்கிக்கோ. அவ முன்னாடி மூஞ்சியைச் சுளிக்காதே.

தம்பி: நீ தோள் பக்கமும் வேணாம், கால் பக்கமும் வேணாம். சும்மா கை வெச்ச மாதிரி நடி. நான் பாத்துக்கறேன்.

அக்கா: அடி வாங்குவ.

அம்மா: யாரும் தூக்க வேணாம்.

தம்பி: வந்துட்டோம்மா, இதோ... அம்மா?

அக்கா: அம்மா, நீ எப்படி இங்க... டேய், பிடிடா அவளை, விழுந்துடப் போறா.

அம்மா: கிட்ட வராதீங்க. கதவைப் பிடிச்சுட்டுத்தான் நிக்கறேன். நீங்க வந்து பிடிச்சா உங்க முதுகுதான் போகும்.

தம்பி: நாற்காலி எங்க?

அம்மா: அது இருந்த இடத்துலதான் இருக்கு. நான்தான் வந்துட்டேன்.

அக்கா: நடந்தா வந்த?

அம்மா: பறந்தா வருவேன்?

தம்பி: கால்ல உசிரே இல்லன்னியேம்மா.

அம்மா: முதல்ல நிஜமாவே இல்ல. அப்புறம் ஒருநாள் தன்னால ஊனிச்சு. சமைக்கிறவங்க போனதும் ஜன்னல் வரைக்கும் நடப்பேன். இப்ப மொட்டை மாடிப் படி வரைக்கும் போறேன். கேட் சத்தம் கேட்டா வந்து உக்காந்துக்குவேன்.

அக்கா: எத்தனை நாளா?

அம்மா: நாளாச்சு.

அக்கா: நாங்க தினம் செத்துப் பொழைச்சு உன்னைத் தூக்கிட்டு இருந்தோம். நீ பாத்துட்டே இருந்தியாம்மா?

அம்மா: வலிக்குதுன்னு ஒருத்தராவது சொன்னீங்களா? சிரிச்சுச் சிரிச்சுத் தூக்கினீங்க. ஒருத்தரை ஒருத்தர் கேலி பண்ணிக்கிட்டுத் தூக்கினீங்க. சின்னப் பிள்ளைங்களா இருந்தப்ப பாத்தது, ரெண்டு பேரும் அப்படிச் சேந்து சிரிச்சு.

தம்பி: அம்மா...

அம்மா: முதுகைப் பத்தி இப்பதான் காதுல விழுந்துது. கேட்டதும் எந்திரிச்சுட்டேன். வந்த இடத்துல மீன் தொட்டியும் காதுல விழுந்துது.

அக்கா: அது அப்படி இல்லம்மா. நாங்க வேற வழி தெரியாம...

அம்மா: தெரியும். உங்க மேல தப்பு இல்ல.

தம்பி: அப்ப ஏம்மா? நடக்க முடியுதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

அம்மா: நடந்துட்டா நீங்க ரெண்டு பேரும் தினம் வந்து என்னைத் தொட மாட்டீங்களேன்னுதான் உக்காந்திருந்தேன். உக்காந்திருந்தா அனுப்பிடுவீங்கன்னு எனக்குத் தோணலடா.