தரைக்கடியில ஒரு பறவை

இல்ல சார், உங்க தொல்லியல் ஆபீசுக்கு யார் போன் பண்ணினாங்களோ, நான் கண்ணால பாத்ததில்ல. பெரியப்பா சொல்லிக் கேட்டதுதான். அவருக்கும் யாரோ சொன்னது. என்னைச் சாட்சியாச் சேத்துக்காதீங்க.

முதல்ல அந்தக் காபியக் குடிங்க. அப்படிக் கீழ வெச்சிட்டீங்களே! நீங்களும் இந்த மாதபா ஊர்க்காரர்தான? கேட்டது கிடைக்கிற வரைக்கும் விருந்தாளி குடிக்க மாட்டார்ங்கிற நம்மூர் வழக்கம் தெரிஞ்சேதான் வெச்சீங்க. வந்தவர் கப்பு அப்படியே ஆறிப்போனா வீட்டுக்கே அவமானம். அப்பா வேர்த்துப்போய் பெரியப்பாவக் கூட்டிட்டு வர ஓடிட்டார் பாருங்க.

கதை இவ்ளோதான். அந்தக் காலத்துல எங்காளுங்க கெராக் ஊர்லேருந்து இங்க வந்தப்ப, இடிஞ்சு கெடந்த மாதா கோயில் கல்லையே எடுத்து வீடு கட்டினாங்க. தோண்டினா, கீழ கலர் கலராக் கல்லு பதிச்ச தரை. நடுவுல ஒரு பறவை. மண்ணக் கொட்டி மூடிட்டாங்க. நீங்க உக்காந்திருக்கீங்களே, நேர் கீழ.

நான் என்ன படிச்சேனா? சிரிக்கக் கூடாது. தொல்லியல். எங்க வம்சத்துல காலேஜ் வாசல மிதிச்ச முதல் ஆள். பகலெல்லாம் மியூசியத்துல நின்னு, ஊரார் வீட்டுக்கடியில எடுத்த கல்லுச் சித்திரத்து மானையும் மீனையும் டூரிஸ்டுக்கு வெளக்குவேன். சாயங்காலம் வந்து எங்க சொந்தக் கோயில் மேல செருப்பக் கழட்டிப் போட்டுட்டு டீவி பாப்பேன். அம்மா கேப்பாங்க, ஏண்டி, கல்லு பொறுக்கவா உன்னப் படிக்க வெச்சோம், அத அரிசியில பொறுக்கினா சோறாவது நல்லாருக்குமேன்னு.

அவங்க பயமும் நியாயம்தான். எதிர் வீட்டு சலீபா கக்கூஸ் கட்டத் தோண்டி, கல்லு பதிச்ச தரையில ஒரு புனிதரக் கண்டுபிடிச்சார். வீட்ட சர்க்கார் எடுத்துக்கிட்டுது. புனிதர் அங்கியே இருக்கார். சலீபா தலைநகர் அம்மான்ல வாடகை வீட்ல இருக்கார்.

நாளைக்கா? ஆமா, காலைல ஆளுங்க வர்றாங்க. தம்பி கல்யாணம், மாடி எழுப்பணும். தூணுக்குக் குழி சரியா பறவை மேல.

சரி, பாத்தேன். ஈஸ்டர் பூசைக்கு எல்லாரும் கெளம்பினப்ப வயித்து வலின்னு படுத்து, அலமாரியத் தள்ளிட்டு டைல்ஸப் பேத்தேன். பட்டதாரி மாதிரியா? பெருச்சாளி மாதிரி. பறவை இருக்கு சார். மூஞ்சிதான் இல்ல. எதிரிங்க வந்து குத்திட்டுப் போனாங்கன்னு பெரியப்பா சொல்லுவார். நானும் அதையே டூரிஸ்டுக்கு அளந்துகிட்டிருந்தேன். குத்தினா பள்ளம் விழணுமில்ல? இங்க மூஞ்சிக் கல்லையெல்லாம் எடுத்து, கலைச்சு, பொறுமையாத் திரும்பப் பதிச்சிருக்கு. அப்புறம் புத்தகத்துல சரி பாத்தேன். இந்தப் பக்கத்துக் கோயில் பலதுலயும் இப்படித்தானாம். உசுருள்ள உருவம் கோயில்ல கூடாதுன்னு ஒரு காலம் வந்தப்ப, உள்ள கும்பிட்டவங்களே உருவத்தக் கலைச்சிருக்காங்க. தரை பொழச்சுது. அங்கியே கும்பிட்டாங்க.

வெளியாள் இல்ல சார். வீட்டாள்தான்.

உங்களுக்கு வந்த போனும் அப்படித்தான். வாடகைக்கு எங்க வீடு கெடைக்கும்னு இப்பவே மனசு தேடுது, ஆனா பண்ணிட்டேன்.

அதோ, அப்பா வர்றார். என் குரல எங்கியோ கேட்ட மாதிரிக் காட்டிக்காதீங்க. அப்புறம் சார், அந்தக் காபிய... குடிச்சிடாதீங்க.