ஷீபா கேட்ட மூன்றாவது சட்டம்

தலைமை ஏற்றிருக்கும் ஆசிரியர் பாண்டுரங்கன் அவர்களே, மகளை இழந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் சாமுவேல் ஐயா அவர்களே, சிட்டம்மாள் அம்மா அவர்களே, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஏரிக்கரைக் குடியிருப்பிலிருந்து வந்திருக்கும் பெரியோர்களே! வணக்கம் சொல்லக்கூட எனக்குத் தெம்பில்லை. ஒன்பது நாள் ஆஸ்பத்திரி வாசலில் நின்ற கால்கள் இவை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கணினி ஆசிரியை ஷீபா அவர்கள் போய்விட்டார். முப்பத்தோரு வயது! ஒரு காய்ச்சல் கொண்டுபோகிற வயதா அது?

உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்கு எதிர் மாடியில் உள்ள கணினி மையத்தில் ஆறு ஆண்டுகள் நானும் அவரும் அடுத்தடுத்த நாற்காலி. ஹாஸ்கெல் என்று ஒரு கணினி மொழி. எங்கள் மையத்தில் அதைத் தெரிந்தவர் அவர் ஒருவர். அவரை நச்சரித்துக் கற்றுக்கொண்டவன் நான் ஒருவன். அந்த மொழியில் 'டைப் கிளாஸ்' என்று ஒன்று உண்டு. தட்டச்சு வகுப்பு அல்ல; 'டைப்' என்றால் எண்ணா, எழுத்தா என்கிற வகை. எல்லோருக்கும் புரிகிற மாதிரி சொல்கிறேன். இரண்டு பதிவுகள் சமமா என்று கணினி பார்க்க வேண்டுமானால், எதைச் சமம் என்று கொள்வது என்பதை நாம்தான் எழுதித் தர வேண்டும். எழுதுகிறவனுக்கு மூன்று சட்டங்கள். எதுவும் தனக்குத் தானே சமம். இது அதற்குச் சமம் என்றால், அது இதற்கும் சமம். முதலாவது இரண்டாவதற்கும், இரண்டாவது மூன்றாவதற்கும் சமம் என்றால், முதலாவது மூன்றாவதற்கும் சமமாக வேண்டும். இதில் வேடிக்கை என்ன தெரியுமா? சட்டத்தை மீறி எழுதினாலும் கணினி வாய் திறக்காது. ஒரு பிழையும் காட்டாமல் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஷீபா அவர்கள் ஓடவிட மாட்டார். யார் எழுதினாலும், தானே எழுதினாலும், நூறு விதமாக மாற்றிப் போட்டு, சட்டம் நிற்கிறதா என்று பார்ப்பார். எனக்கு எரிச்சலாக வரும்.

"அதான் ஓடுதேம்மா, இன்னாத்துக்கு இந்த ரோதனை?" என்பேன்.

"டைப்பு சரியா கீதான்னுதான் அது பாக்கும் வரதண்ணா. நாயத்த நாமதான் பாக்கணும்" என்பார்.

இந்தப் பெண்ணுக்கு அலுக்கவே அலுக்காதா என்று நினைப்பேன். அலுத்தது, ஐயா! மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். தலையைத் தூக்கியதும் இன்னொரு தடவை ஓட்டிப் பார்ப்பார்.

இரண்டாயிரத்து நான்கில், வீட்டுமனைப் பட்டாவுக்குப் பெயர்ப் பட்டியல் தொகுக்கும் வேலை எங்களுக்கு வந்தது. இரண்டு முறை எடுத்த பட்டியல். ஒரே ஆள் இரண்டு இடத்தில் இருப்பார். படிவத்தில் ஊர், பெயர், வயது மட்டும். வயதோ குத்துமதிப்பு. ஆகவே ஊரும் பெயரும் ஒன்றாகி, வயதில் இரண்டுக்கு மேல் வித்தியாசம் இல்லையென்றால் ஒரே ஆள் என்று விதி எழுதினோம். நல்ல விதிதானே? இருநூற்றுப் பதினான்கு பெயர் வந்தது. மையத்தின் உரிமையாளர் கிருஷ்ணசாமி அவர்கள் அச்செடுத்துத் தாலுகா ஆபீசுக்கு அனுப்பிவிட்டார்.

விடுப்பு முடிந்து வந்த ஷீபா அவர்கள் அதே பட்டியலை வரிசை மாற்றி ஓட்டினார். இருநூற்று ஒன்பது வந்தது. அதே ஆட்கள், அதே விதி! எப்படி? ஏரிக்கரையில் கங்கம்மாள் என்ற பெயரில் ஐம்பத்தெட்டு, அறுபது, அறுபத்திரண்டு என்று மூன்று வயதுகள். எங்கள் விதிப்படி ஐம்பத்தெட்டும் அறுபதும் ஒரே ஆள். அறுபதும் அறுபத்திரண்டும் ஒரே ஆள். ஆனால் ஐம்பத்தெட்டும் அறுபத்திரண்டும் வேறு வேறு ஆள்! மூன்றாவது சட்டம் உடைந்திருந்தது. ஒரு வரிசையில் ஓட்டினால் இருவர் மிஞ்சுவார்கள், இன்னொரு வரிசையில் ஒருவர்தான் மிஞ்சுவார்.

அன்றே இருவரும் பேருந்து ஏறினோம். குடியிருப்பில் நின்று, "கங்கம்மா யாரு?" என்று கேட்டார். மூன்று பேர் எழுந்து வந்தார்கள்.

"இன்னாம்மா, நாங்கோ மூணு பேரும் ஒரே ஆளா?" என்று ஓர் அம்மா சிரித்தார். ஷீபா அவர்கள் சிரிக்கவில்லை.

வீடு வீடாகப் போய், விடுபட்டவர்களை எல்லாம் திரும்பச் சேர்க்க வைத்தார். ஒருவரைத் தவிர. அறுபது வயதுக் கங்கம்மாளின் மனு மட்டும் இரண்டு ஆண்டுகளாகத் தாலுகா ஆபீஸ் விசாரணையில் நிற்கிறது. ஒரே பெயரில் மூன்றாவது ஆள் உண்மையில் உண்டா, பின்னால் நுழைத்த பெயரா என்று சந்தேகம். விதியை எழுதியவரே வந்து, பெயர் எப்படி விழுந்தது என்று கையெழுத்துப் போட்டுச் சொல்ல வேண்டும் என்றார்கள். நான்கு தடவை ஷீபா அவர்கள் போனார். "எங்கள் மையத்தின் தவறு" என்று மட்டும் சொன்னார். எழுதியது யார் என்று கேட்டபோது, "அவரே சொல்லணும் சார்" என்றார். ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருக்கக் கூடாதா, அம்மா!

சற்று முன் வாசலில் கங்கம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்தப் பொண்ணு பூடுச்சே நைனா, இனிமே எனுக்கோசரம் யாரு வரப்போறாங்க?"

பெரியோர்களே, எனக்குக் களைப்பாக இருக்கிறது. மறைத்து மறைத்து வந்த களைப்பு. அந்த விதியை எழுதியவன் நான். வரதன். வேலை போய்விடும் என்று பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தவனும் நான். கிருஷ்ணசாமி அவர்களும் இங்கே இருக்கிறார். என்ன முடிவு செய்தாலும் சரி. எந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுதினாலும், இனி எழுதும் ஒவ்வொரு விதியையும் ஷீபா அவர்கள் செய்தபடி மாற்றிப் போட்டுப் பார்த்த பிறகே கையை எடுப்பேன்.

வரும் திங்கட்கிழமை பத்து மணிக்கு விசாரணை. கங்கம்மா, அங்க நான் வரேன். என் பேர எழுதி, கையெழுத்துப் போட்டுத் தரேன்.