எடிட்டர் மேல தப்பில்ல சார்

கே.கே. நகரிலிருந்து பழங்காநத்தம் போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவள் தோழியிடம் சொன்னாள்:

“நான் தேடுனத கம்ப்யூட்டர் காட்டல. அதனாலதான்டி எனக்கு வேலை கெடச்சிச்சு.”

நான் செல்போனை அணைத்துவிட்டேன்.

“புரியிற மாதிரி சொல்லு, ஜெனி.”

“இன்டர்வியூல, ஒரு கிளினிக்குக்கு எழுதுன புரோகிராமக் குடுத்தாங்க. நோயாளி வந்த தேதியோட ஒரு வாரத்தக் கூட்டி, அடுத்து வர வேண்டிய நாளக் காட்டணும். தேதிங்கிற பேர அடிச்சு டாட் வச்சேன். வச்சதும் என்னென்ன செய்யலாம்னு புரோகிராம் எழுதுற எடிட்டர் ஒரு லிஸ்ட் காட்டும்ல? அதுல நாளக் கூட்டுறதே இல்ல. எழுத்த வெட்டுறது, ஒட்டுறதுதான் இருந்துச்சு.”

“ஐயோ, அப்புறம்?”

“கேள்வி கேட்டவரு, ‘எடிட்டர் மக்கர் பண்ணுதும்மா, மூடிட்டுத் தெறங்க’ன்னாரு. அஞ்சு வருசமா பிள்ளையோட வீட்டுல இருந்தவதான் நான். ஆனாலும், ‘எடிட்டர் மேல தப்பில்ல சார். தேதி என்ன வகைங்கிற டைப்ப வெறும் எழுத்துன்னு போட்டிருக்கீங்க. எழுத்துக்குப் பொருந்துறதத்தானே அது காட்டும்?’னு கேட்டேன். டைப்ப தேதின்னு மாத்தி மறுபடியும் டாட் வச்சேன். நாளக் கூட்டுறது மொத ஆளா வந்து நின்னுச்சு.”

“அவரு என்ன சொன்னாரு?”

“சிரிச்சிட்டு, எப்ப வாரீங்கன்னாரு. திங்கக்கெழம வாரேன்னுட்டேன்.”

“வீட்டுல ஒரு வார்த்த கேக்க வேணாமாடி?”

பழங்காநத்தம் வந்தது. ஜெனி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

“கேக்கலடி. போய்ச் சொல்லப் போறேன்.”